மந்திரியின் எடை

"நூத்திப் பதினெட்டு!" என்று ஸ்டோர்காரர் கத்தினார்.

கத்தாமல் முடியாது. மருத்துவமனை ஸ்டோருக்கு அடுத்த அறை சலவைக்கூடம். அங்கே இயந்திரங்கள் நாள் முழுக்கக் கடகடவென்று போர்வைகளைப் புரட்டிக்கொண்டிருக்கும். ஸ்டோரில் ஒருவரோடு ரகசியம் பேச வேண்டுமென்றால்கூடத் தொண்டை கிழியக் கத்தித்தான் பேச வேண்டும்.

மூட்டை நிறுக்கும் தராசின் மேடையில் ஆப்பரேட்டர் நின்றுகொண்டிருந்தார். இடது கையில் தோல் கைப்பிடி. அதன் மறுமுனையில் மந்திரி. மந்திரி ஒரு கறுப்பு லாப்ரடார் நாய். ஆப்பரேட்டருக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. மருத்துவமனைக்கு வரும் தொலைபேசி அழைப்புகளை எல்லாம் வாங்கி வார்டு வார்டாகப் பிரித்துக் கொடுப்பது அவர் வேலை. எங்கே போவது என்பதை அவர் முடிவு செய்வார். எந்த வழியாகப் போவது என்பதை நாய் முடிவு செய்யும். அதனால்தான் மந்திரி.

நாயை மட்டும் தனியாக நிறுத்திப் பார்க்கலாமே என்று கேட்கலாம். பார்த்தார்கள். தரைமட்டம் மாறும் இடத்தில் நின்றுவிட வேண்டும் என்பது வழிகாட்டி நாய்க்கு முதல் பாடம். மந்திரி அந்தப் பாடத்தில் கெட்டி. தராசின் விளிம்பைக் கண்டதும் சட்டமாக உட்கார்ந்துவிட்டது. ஸ்டோர்காரர் தூக்கிப் பார்த்தார். நாய் அவர் முகத்தை நக்கியது, அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஆப்பரேட்டர் ஏறினால் மட்டும் அதுவும் கூடவே ஏறியது.

"சரி, ரெண்டு பேரையும் சேர்த்தே நிறுத்திக்கலாம். உங்க எடையைக் கழிச்சுட்டாப் போச்சு" என்றார் பயிற்சிப் பள்ளி மேடம். நாய்களைப் பழக்கிக் கொடுத்துவிட்டு, கொடுத்த இடத்தில் எப்படி இருக்கின்றன என்று அவ்வப்போது வந்து பார்க்கிறவர் அவர்தான். "நீங்க எவ்வளவு சார் இருப்பீங்க? தனியா ஒரு தடவை நின்னுடறீங்களா?"

"எதுக்கு மேடம் வீண் சிரமம்? மெடிக்கல்ல பார்த்ததுதானே. எண்பத்திரண்டு."

பதில் கொஞ்சம் வேகமாகவே வந்தது. மெடிக்கல் என்று அவர் சொன்னது வேலையில் சேர்ந்தபோது நடந்தது. இப்போது ஒன்றிரண்டு கூடியிருக்கலாம் என்று அவருக்கே ஒரு சந்தேகம் உண்டு. ஆனால் போட்டிருக்கிற கால்சட்டை கல்யாணமான புதிதில் தைத்தது, இன்றும் பாந்தமாக நிற்கிறது. பிறகென்ன?

மேடம் கழித்துப் பார்த்தார். "முப்பத்தாறு. ஐயோ! முப்பத்திமூணைத் தாண்டக் கூடாது சார். மூட்டு போயிடும். இப்படியே ஏறினா நாங்க திரும்பக் கூட்டிட்டுப் போய்த்தான் ஆகணும். அப்புறம் உங்களுக்கே திரும்பி வரும்னு என்னால சொல்ல முடியாது."

மந்திரி வருவதற்கு முன் ஆப்பரேட்டர் கோலைத் தட்டிக்கொண்டு வேலைக்கு வந்தவர். யாராவது கையைப் பிடித்து, அவர் கடக்க நினைக்காத தெருவை எல்லாம் கடத்திவிட்டுப் புண்ணியம் தேடிக்கொண்டு போவார்கள். மந்திரி வந்தபிறகுதான் அவர் கைவீசி நடந்தார்.

அன்றிலிருந்து கட்டுப்பாடு அமலுக்கு வந்தது. மந்திரிக்குத் தீனி அளக்கும் தகரக் குவளை பாதியாகக் குறைந்தது. ஆப்பரேட்டர் ஒவ்வொரு மேசையாகப் போய், இனி யாரும் மந்திரிக்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்று கைகூப்பிக் கேட்டுக்கொண்டார். அப்போதுதான் யார் யார் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதே தெரிந்தது. காவலாளி பன். மருந்தகத்துப் பெண் பிஸ்கட். எக்ஸ்ரே அறைக்காரர் அவித்த முட்டை, அதுவும் தோலுரித்து. எல்லோருக்கும் முகம் வாடிவிட்டது.

"சரி, வாங்கியாச்சு. நீங்களாவது சாப்பிடுங்க சார்" என்றார் காவலாளி.

வேண்டாம் என்றால் கீழே வைப்பார். கீழே வைத்தால் மந்திரி சும்மா இருக்காது. ஆப்பரேட்டர் சாப்பிட்டார். மறுநாளும் பன் வந்தது. பிஸ்கட் வந்தது. முட்டை வந்தது. நாய்க்கு ஆபத்தான பொருள்களை ஒவ்வொன்றாக அப்புறப்படுத்துகிற கடமையாக நினைத்தே அவர் அத்தனையையும் விழுங்கினார்.

வீட்டிலும் அதே கதை. அவர் மனைவி அதே மருத்துவமனையின் தையல் பிரிவில் வேலை பார்க்கிறவர். ஒல்லியான தேகம், கறாரான பேச்சு.

"ஏங்க, சட்டியில ஒரு பருக்கை மிச்சம் இருக்கக் கூடாது. ராத்திரி எழுந்து நக்கிடும். வழிச்சுப் போடறேன், சாப்பிட்டுடுங்க."

"வயிறு முட்டிடுச்சும்மா."

"மந்திரி வேணுமா வேணாமா?"

ஆப்பரேட்டர் தட்டை நீட்டினார்.

அடுத்த முறை தராசு நூற்றிருபது காட்டியது. அதற்கடுத்த முறை நூற்றிருபத்திரண்டு. மேடத்தின் குரல் ஒவ்வொரு முறையும் ஒரு சுருதி ஏறியது.

"உங்க எடை அதேதானே சார்?"

"அதே கால்சட்டைதான் மேடம்."

"அப்போ நாற்பது! சாப்பாட்டைப் பாதியாக் குறைச்சும் ஏறுதுன்னா, யாரோ திருட்டுத்தனமாக் குடுக்கறாங்க."

சந்தேகம் வீட்டுக்குள் நுழைந்தது. மனைவி கணவரைச் சந்தேகப்பட்டார். கணவர் மனைவியைச் சந்தேகப்பட்டார். இருவரும் சேர்ந்து மாடிவீட்டுக் குழந்தையைச் சந்தேகப்பட்டார்கள். அதற்கு இன்னும் நடக்கவே வரவில்லை. மந்திரி யாரையும் சந்தேகப்படவில்லை. குவளை இருக்கும் அலமாரிக்கு முன்னால் படுத்துக்கொண்டு, கடன்காரன் வீட்டு வாசலில் உட்கார்ந்தவனைப் போல் பெருமூச்சு விட்டது.

மேடம் பள்ளியின் கால்நடை டாக்டரை அனுப்பிவைத்தார். டாக்டர் மந்திரியைத் தடவிப் பார்த்தார்.

"பரவாயில்லையே, விலா எலும்பு நல்லாவே கைக்குத் தட்டுதே" என்றார் முதலில். பிறகு மேடம் எழுதியிருந்த நாற்பதைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். "தராசு பொய் சொல்லாது. என் கைதான் சரியில்ல போல."

"கறுப்பு நிறம் ஆளை ஒல்லியாக் காட்டும் டாக்டர்" என்றார் தையல்கார மனைவி. அது தொழில் அறிவு. டாக்டரும் ஒப்புக்கொண்டார்.

எதற்கும் இருக்கட்டும் என்று ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். முடிவைச் சொல்ல ஒருநாள் அவர் மருத்துவமனைத் தொலைபேசி இணைப்பகத்துக்கே போன் செய்தார். காலை நேரம். ஆப்பரேட்டரின் காதுக்குள் எல்லா வார்டும் ஒன்றாகக் கத்திக்கொண்டிருந்தது.

"சார், உங்க நாய்க்கு ஒரு ஜீன்ல குறை இருக்கு."

"ஐயய்யோ! ஒரு நிமிஷம் டாக்டர். வணக்கம், பிரசவ வார்டா, இதோ குடுக்கறேன். சொல்லுங்க டாக்டர், உயிருக்கு ஒண்ணும் இல்லையே?"

"அதெல்லாம் இல்ல. சாப்பிட்டு முடிச்சதும் உடம்பு மூளைக்குத் தகவல் அனுப்பும், போதும், நிறுத்துன்னு. இதுக்கு அந்தத் தகவல் சரியாப் போய்ச் சேராது. எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்காது. போதாக்குறைக்கு, சும்மா படுத்திருக்கும்போது மத்த நாய் செலவழிக்கிறதைவிடக் குறைவாத்தான் அதோட உடம்பு செலவழிக்கும்."

ஆப்பரேட்டருக்குப் பளிச்சென்று புரிந்தது. "அதாவது டாக்டர், வயித்துலேர்ந்து போன் வருது. ஆனா நடுவுல லைன் அறுந்து கெடக்கு. மேல இருக்கறவன் மணியே அடிக்கலைன்னு நெனச்சுக்கிட்டு, இன்னும் கொண்டா இன்னும் கொண்டாங்கறான்."

"அதேதான் சார்! எனக்கே இப்படிச் சொல்ல வராது."

"அப்போ இது தீனிப்பண்டாரம் இல்ல?"

"இந்த இனத்துல நிறைய நாய்க்கு இது உண்டு. வழிகாட்டி நாய்ங்கள்ல இன்னும் அதிகம். பிறப்பு."

மூன்று வார்டுகள் மணியடித்து ஓய்ந்தன. பிறகு ஆப்பரேட்டர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "மனுஷங்களுக்கும் உண்டா டாக்டர்?"

"மனுஷனுக்கு இப்படி ஒரே ஜீன்ல வர்றது அபூர்வம். பெரும்பாலும் நூத்துக்கணக்கான ஜீன், ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சமா வேலையைக் காட்டும். ஆனா ஒருத்தர் குண்டு, ஒருத்தர் ஒல்லிங்கறதுல பாதிக்குக் குறையாம பரம்பரைதான்னு சொல்றாங்க." டாக்டர் தொண்டையைச் செருமினார். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. ஜீன் பசியைத்தான் குடுக்கும். சாப்பாட்டை யாராவது குடுத்தாத்தான் உண்டு. அது யாருன்னு பாருங்க."

பின்பாதி ஆப்பரேட்டரின் காதில் ஏறவில்லை. முன்பாதியைப் பிடித்துக்கொண்டார். அன்று முழுக்க மருத்துவமனைக்குப் போன் செய்தவர்கள் எல்லோரும், கேட்ட வார்டு கிடைப்பதற்கு முன்னால், அறுந்த லைனைப் பற்றித் தெரிந்துகொண்டார்கள். எலும்பு முறிவுப் பிரிவைக் கேட்ட ஒரு பெரியவர் முழுதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என் மருமகனுக்கும் அதுவாத்தான் இருக்கும்" என்றார்.

ஆப்பரேட்டரின் உற்சாகத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. அவர் படித்தது பார்வையற்றோர் பள்ளியில். அங்கே வருஷத்துக்கு ஒருமுறை எடை பார்ப்பார்கள். ஆசிரியர் எண்ணைச் சத்தமாகப் படிப்பார், தூரத்தில் இருக்கும் இன்னொருவர் எழுதிக்கொள்வார். அதுவரை அவர் குண்டு என்பது ஒரு பையனுக்கும் தெரியாது, தெரிய வழியில்லை. அவர் நன்றாகப் பாடுவார், கணக்குப் போடுவார், அவ்வளவுதான். ஒருநாள் அந்த எண் அறை முழுக்கக் கேட்டது. அரைநொடி அமைதி. பிறகு சிரிப்பு. பள்ளி முடியும்வரை அவர் பெயர் மூட்டை. அவர் அம்மாவும் பெருத்த உடம்பு, மாமாக்கள் மூவரும் அப்படியே. ஒரே பெஞ்சில் உட்கார மாட்டார்கள், பெஞ்சுக்கு மரியாதை கொடுத்து. ஆனாலும் எல்லோரும் அவரிடம் சொன்னது ஒன்றுதான்: வாயைக் கட்டு. அன்று தராசைவிட்டு இறங்கியவர் இத்தனை வருஷமும் தனியாக ஒரு தராசில் ஏறியதில்லை.

நாய்க்காக அறுந்த லைனைப் பற்றிப் பேசப்பேச, தனக்காகவும் யாரோ வாதாடுவது போலிருந்தது அவருக்கு.

ஆனால் மேடத்திடம் வாதம் எடுபடவில்லை. அடுத்த முறை அவர் வந்தபோது கையில் ஒரு புதுக் கயிறு இருந்தது. ஆப்பரேட்டர் அதன் கொக்கி கிணுங்குவதைக் கேட்டார்.

"ஜீன் எனக்கும் புரியுது சார். உண்மையைச் சொன்னா எனக்கு வெக்கமாக்கூட இருக்கு. நாங்க பிஸ்கட்டைக் காட்டித்தான் பழக்கறோம். பிஸ்கட்டுக்காக உயிரை விடற குட்டிதான் சீக்கிரம் கத்துக்கும். வகுப்புல இதுதான் முதல். அந்தப் பசியைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தோம், இப்போ அந்தப் பசிக்காகவே திட்டறோம்."

"நானும் பசியைப் பார்த்துத்தான் இவரைத் தேர்ந்தெடுத்தேன்" என்றார் மனைவி. வழியனுப்பத் தையல் பிரிவிலிருந்து வந்திருந்தார். "முதல் முதலா நான் ஒரு கேக் செஞ்சு கொண்டுவந்தேன். கல்லு மாதிரி இருந்துச்சு. எல்லாரும் நைஸா ஓரமா வெச்சுட்டாங்க. இவர் ஒருத்தர்தான் இன்னொண்ணு இருக்கான்னு கேட்டார்."

"நல்லாத்தாம்மா இருந்துச்சு" என்றார் ஆப்பரேட்டர்.

"ஆனா மூட்டு தேயறதுக்கு ஜீன் என்ன, எதுவா இருந்தா என்ன?" என்றார் மேடம். "கடைசியா ஒரு தடவை நிறுத்திடலாம். ஏறுங்க சார்."

இருவரும் ஏறினார்கள்.

"நூத்தி இருபத்தி நாலு!"

"நாற்பத்திரண்டு" என்றார் மேடம். "கயிறை மாட்டிடறேன் சார். மன்னிச்சுக்குங்க."

ஆப்பரேட்டர் குனிந்து மந்திரியின் மார்புப் பட்டையைக் கழற்றப் போனார். காலையில் கைக்குத் தட்டிய விஷயம் மறுபடியும் தட்டியது. பட்டையின் கொக்கி வழக்கமான துளையில் இல்லை. ஒரு துளை உள்ளே போயிருந்தது. அப்படியும் பட்டைக்கும் நாய்க்கும் நடுவே நாலு விரல் தாராளமாக நுழைந்தது.

எடை ஏறிய நாய்க்குப் பட்டை எப்படித் தளரும்?

அவர் நிமிர்ந்தார். யோசனை வந்தால் இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய் இடுப்பில் ஊன்றிக்கொள்வது அவர் பழக்கம். கட்டைவிரல் கால்சட்டையின் பின்தையலில் போய் நின்றது. அங்கே ஏதோ நெருடியது. துணியில் வரிசையாகப் பொடிப்பொடித் துளைகள், ஊசி போய்வந்த பழைய தடம். கொஞ்சம் தள்ளி இன்னொரு வரிசை. அதற்கப்பால் இன்னொன்று. புத்தகத்தையே விரலால் படிக்கிறவர் அவர். படித்து முடித்துவிட்டார்.

"ஏம்மா, இந்தக் கால்சட்டையை எத்தனை தடவை பிரிச்சுத் தெச்சே?"

சரியாக அந்த நேரம் பார்த்து அடுத்த அறையில் இயந்திரங்கள் துவைத்து முடித்து நின்றன. ஸ்டோரில் இதுவரை யாரும் கேட்டிராத நிசப்தம்.

"என்ன கேக்கறீங்க?" என்றார் மனைவி, ரொம்பச் சின்னக் குரலில்.

"மூணு வரிசை இருக்கு."

"நாலு. முதல் வரிசையை இஸ்திரி போட்டு மறைச்சுட்டேன்." பிறகு மடை திறந்துவிட்டது. "பின்ன என்னங்க பண்றது? கொஞ்சம் இறுக்கிச்சுன்னா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு ரெண்டு நாள் சாப்பிட மாட்டீங்க. பாவமா இருக்கும். நீங்க தூங்கினப்புறம் கொஞ்சூண்டு விட்டுத் தெச்சுடுவேன். இப்ப நாலஞ்சு மாசமாத்தான் அடிக்கடி விட வேண்டியதாப் போச்சு. துணியே இல்ல. இனி ஒட்டுதான் போடணும்."

ஆப்பரேட்டருக்குப் பன்களும் பிஸ்கட்டுகளும் உரித்த முட்டைகளும் அணிவகுத்து நினைவுக்கு வந்தன. நாய்க்குப் போக வேண்டியது அத்தனையும் எங்கே போயிற்று என்று இப்போது தெரிந்தது. ஊரெல்லாம் தேடிய திருடன் தராசுமேலேயேதான் நின்றுகொண்டிருந்தான்.

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். கணக்கு இன்னும் மற்ற யாருக்கும் ஓடவில்லை. ஆனால் கயிற்றின் கொக்கி மறுபடி கிணுங்கியது. மந்திரி எதுவும் புரியாமல் அவர் காலில் தலையைச் சாய்த்தது.

"மேடம், நாயை இறக்கிப் பிடிச்சுக்குங்க. நான் தனியா நிக்கறேன்."

மந்திரியை இறக்க மனைவியும் மேடமும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. இறங்கியதும் அது தராசுக்கு முன்னால் குறுக்கே நின்று முனகியது. எஜமானர் விளிம்புக்கு மேலே தனியாக நிற்கிறார். அதன் படிப்பின்படி இது பெரிய குற்றம்.

"இரு மந்திரி, ஒண்ணும் ஆகாது" என்றார் ஆப்பரேட்டர். அவருடைய காது மட்டும் சூடாகிக்கொண்டே போனது. மெதுவாகப் படிக்கும்படி ஸ்டோர்காரரிடம் சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் ஸ்டோர்காரர், வருஷக்கணக்கான பழக்கத்தில், இயந்திரங்கள் நின்றுபோனதை மறந்து, அடிவயிற்றிலிருந்து கத்திவிட்டார்.

"தொண்ணூத்தி ரெண்டூ!"

எண் கதவைத் தாண்டி, சலவைக்கூடத்தைத் தாண்டி, தாழ்வாரத்தில் உருண்டுபோயிற்று. ஆப்பரேட்டர் சிரிப்புக்காகக் காத்திருந்தார். அரைநொடி அமைதி. அது அவருக்கு நன்றாகத் தெரிந்த அமைதி.

சலவைக்கூடத்திலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "யாரு, நம்ம ஆப்பரேட்டரா? அவ்வளவுதானா? நான் நூறைத் தாண்டும்னுல்ல நெனச்சேன்!"

"நான் நூத்தியஞ்சு சொன்னேன்" என்றது இன்னொரு குரல், ஏமாற்றத்தோடு.

ஆப்பரேட்டர் தராசின்மேல் அப்படியே நின்றார். இந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் கண் தெரியும். இத்தனை வருஷமும் அவர் தாழ்வாரத்தில் நடந்தபோதெல்லாம் அவர் தொப்பையும் பகிரங்கமாகக் கூடவே நடந்திருக்கிறது. அவர் பொத்திப்பொத்தி வைத்திருந்த ரகசியம் தெரியாத ஒரே ஆள் அவர்தான். இது ஏன் தனக்கு ஒருநாளும் தோன்றவில்லை என்று நினைத்தார். சிரிப்பு வந்தது. முதலில் சிரித்ததும் அவர்தான்.

மேடம் கழித்துக்கொண்டிருந்தார். "நூத்தி இருபத்தி நாலுல தொண்ணூத்திரெண்டு போனா… முப்பத்திரண்டு." இன்னொரு முறை கழித்தார். "முப்பத்திரண்டுதான்! அப்போ டாக்டரோட கை சரி. ஐயோ, இது இளைச்சுல்ல இருக்கு! கடைசியில உங்களை நிறுத்திட்டுல்ல நாயைப் பட்டினி போட்டிருக்கோம்!"

"கொண்டுவந்த கயிறு வீணாப் போக வேணாம் மேடம்" என்றார் ஸ்டோர்காரர். "அண்ணனை வேணா உங்க பள்ளிக்குக் கூட்டிட்டுப் போங்க. அண்ணி, உங்களுக்குச் சம்மதம்தானே?"

"திருப்பி அனுப்பறப்போ இளைக்க வெச்சு அனுப்புங்க" என்றார் மனைவி. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "இதுக்கு மேல கால்சட்டையில துணி இல்ல."

மேடம் கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். போகும்போது ஆப்பரேட்டரின் காதருகே வந்து, தானும் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போனார். அது என்ன எண் என்று அவர் யாரிடமும், மனைவியிடம்கூட, சொல்லவில்லை.

மறுநாள் காவலாளி பன்னை நீட்டினார். ஆப்பரேட்டர் புறங்கையால் தள்ளினார். "எனக்கும் லைன் அறுந்து கெடக்கு தம்பி. நீங்களே சாப்பிடுங்க." காவலாளி எலும்பும் தோலுமான ஆள். எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது என்று சொல்லிக்கொண்டே கடித்தார். ஆப்பரேட்டருக்கு அந்த மெல்லும் சத்தம் இணைப்பகம்வரை கேட்டது.

இரவு மனைவி இரண்டு குவளைகளை மேசையில் வைத்தார். ஒன்று மந்திரிக்கு, முன்பைவிடக் கொஞ்சம் தாராளமாக. ஒன்று கணவருக்கு, முன்பைவிட நிறையவே குறைவாக. மிச்சத்தை மூடி, குளிர்பெட்டியின் மேல்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினார்.

நாற்காலியில் ஒருவரும் தரையில் ஒருவருமாக இருவரும் சாப்பிட்டு முடித்தார்கள். பிறகு வீடு அமைதியாயிற்று. மனைவி கால்சட்டைக்கு ஒட்டுப் போட ஒரு துண்டுத் துணியை எடுத்தார், யோசித்தார், திரும்பப் பெட்டியிலேயே வைத்தார்.

"ஏம்மா."

"என்ன?"

"அந்தக் கிழங்கு வறுவல் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சே. மந்திரி ராத்திரி எழுந்து…"

"மந்திரிக்குக் குளிர்பெட்டியைத் திறக்கத் தெரியாதுங்க."

ஆப்பரேட்டர் பெருமூச்சு விட்டார். மேசைக்கடியில், அதே நீளத்தில், அதே சுருதியில், இன்னொரு பெருமூச்சு கேட்டது.